மில்லுக்குப் போறதுக்கு முன்னாடி மிளகாயை ஒடிச்சுப் பாருங்க

மலேசியாவில், நம்ம சுங்கை சிப்புட் ஊரில் சாயங்காலமானா மழை. கறித்தூள் அரைக்கிறவங்க வெயிலை நம்பாதீங்க, சட்டியில் சிறுதீயில் தனித்தனியா வறுங்க. 1 கிலோ மல்லிக்கு அரை கிலோ காய்ந்த மிளகாய், சீரகமும் சோம்பும் தலா 100 கிராம், மிளகு 50, மஞ்சள் 50. வெந்தயம் 2 தேக்கரண்டி போதும். அது கருகினா மொத்தத் தூளும் கசக்கும். மிளகாய் ஒடிச்சா 'டக்'னு முறியணும். வளைஞ்சா ஈரம் இருக்கு, தூள் கட்டிபிடிச்சுப் பூஞ்சை பூக்கும். மில்லிலிருந்து சுடச்சுட வர்ற தூளை அப்படியே டப்பாவில் மூடினாலும் இதே கதிதான். தாளில் பரப்பி ஆறவிடுங்க.

மிளகு எதுக்குன்னு கேக்காதீங்க. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498-க்கு அப்புறம் போர்த்துகீசியர் கப்பலில் வந்தது. அதுவரைக்கும் நம்ம குழம்புக்குக் காரம் மிளகுதான். வந்தவனுக்குப் பேரும் அதுலேர்ந்துதானே வச்சோம்!