தொட்டிலில் ஒரு சிப்பம் அரிசி

தொட்டில் வேலை முடிந்துவிட்டது. ஒழுங்காக ஆடுகிறதா என்று பார்க்கத்தான் வழியில்லை. தம்பி ஒற்றை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அடுப்படியில் இருந்த ஆச்சிக்கு எப்படித்தான் கேட்டதோ, கரண்டியோடு வந்து நின்றுவிட்டாள்.

"வெறுந்தொட்டில ஆட்டப்பிடாதுன்னு தெரியாதால? பிள்ளைக்கு வயித்த வலி வந்துரும்லா!"

பிள்ளை அப்போது தென்காசியில், ஆஸ்பத்திரிக் கட்டிலில், தங்கச்சி பக்கத்தில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அம்பாசமுத்திரத்தில் தொட்டில் ஆடினால் தென்காசியில் வயிறு வலிக்கும். நெட்வொர்க் கம்பெனிக்காரன் இந்த டவரை எங்கே நட்டிருக்கிறான் என்று ஆச்சியிடம்தான் கேட்க வேண்டும்.

தாய்மாமன் தன் கையாலேயே தொட்டில் செய்து போட வேண்டும் என்று ஆசைப்பட்டது தம்பி. ஆனால் நம்ம வீட்டில் ஒருத்தன் ஆசைப்பட்டால் ஒன்பது பேர் அளவு சொல்வார்கள் அல்லவா. சித்தப்பா மரத்தைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டு செங்கோட்டைக்கு வண்டியேறினார். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலத் தொட்டில், அதைத் தாங்க மூன்றரை அடித் தூண் இரண்டு. எல்லாம் சேர்த்து ஒன்றரை கன அடி மரம் உள்ளே போகும். அறுப்புச் சேதம், இழைப்புச் சேதம், கணு விழுந்த துண்டு எல்லாம் கழிய இரண்டேகால் கன அடியாவது வாங்க வேண்டும். சித்தப்பாவும் இரண்டேகால்தான் வாங்கி வந்தார். வந்த தேக்கில் ஓரமெல்லாம் வெள்ளை. நடுவில் இருக்கும் வைரம் உளுக்காது, ஓரத்து வெள்ளை உளுத்துவிடும். பாலிஷுக்குள் பூச்சி உட்கார்ந்து மாவு கொட்டிக்கொண்டே இருக்கும். ஆசாரி வெள்ளையை அறுத்துத் தள்ளத் தள்ள, சித்தப்பா தன் சொத்தை யாரோ பாகம் பிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். கடைசியில் சட்டத்துக்கும் தூணுக்கும்தான் தேக்கு கண்டது.

அதுவும் நல்லதுக்குத்தான். பக்கவாட்டுக் கம்புகளுக்கு மஞ்சக்கடம்பு எடுத்தார்கள். கடைசலுக்கு அது நல்ல மரம். ரேகை நெருக்கம், உளி பட்டால் சிலும்பாது. அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான்களைப் பார்த்தவர்களுக்குக் கடைசல் பட்டறைகளின் பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. பெருமைதான் வினையாயிற்று.

கணக்கைக் கேளுங்கள். மூலைக்கால் இரண்டு இஞ்ச் கனம். மூன்றடியில் இரண்டு கால் போக, நடுவில் 32 இஞ்ச். ஒரு இஞ்ச் கம்பு 10 நிறுத்தினால் இடைவெளி 11, ஒவ்வொன்றும் சரியாக இரண்டு இஞ்ச். தலைமாடு, கால்மாட்டில் 14 இஞ்சுக்கு 4 கம்பு, 5 இடைவெளி, அங்கேயும் இரண்டு இஞ்ச். மொத்தம் 28 கம்பு. அமெரிக்காவில் குழந்தைக் கட்டிலுக்கு விதித்திருக்கும் உச்ச இடைவெளி 2⅜ இஞ்ச். நம்ம ஆசாரி பாஷையில் இரண்டு இஞ்ச் மூன்று நூல், எட்டு நூல் சேர்ந்தால் ஒரு இஞ்ச். அதைத் தாண்டினால் பிள்ளையின் உடம்பு நழுவி வெளியே போகும், தலை மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் போனில் பார்த்து வைத்திருந்த தம்பி, இரண்டு இஞ்ச்தானே என்று தைரியமாக இருந்தான்.

கடைசல்காரர் அண்ணாச்சி 28 கம்பையும் கொண்டு வந்து இறக்கினார். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மேலே மொட்டு, கீழே குடம், நடுவில் இடுப்பு. அந்த இடுப்புதான் வம்பு. குடத்தில் ஒரு இஞ்ச் இருந்த கம்பு இடுப்பில் அரை இஞ்சுக்கு இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கால் கால் இஞ்ச் உள்வாங்கினால் இடைவெளி இரண்டு இஞ்ச் நாலு நூல். ஒரு நூல் கூடுதல். கம்பி, கிராதி, கைப்பிடிச் சுவர் எதுவானாலும் இடைவெளியை மெலிந்த இடத்தில்தான் அளக்க வேண்டும். எல்லாரும் பருத்த இடத்தில் அளந்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

"ஒரு நூலுக்கா மல்லுக்கட்டுதிய தம்பி?" என்றார் அண்ணாச்சி. 

"பிள்ளைக்குத் தெரியாதுல்லா அண்ணாச்சி, ஒரு நூல்தான்னு."

இடுப்பு ஆறு நூலுக்குக் குறையாமல் மறுபடி 28 கடைந்தார்கள். இடைவெளி இப்போது இடுப்பிலும் இரண்டேகால்தான். முதலில் இடுப்பு வைத்ததற்கு ஒரு கூலி, பிறகு வைக்காததற்கு ஒரு கூலி. பழைய 28 கம்பையும் அத்தை கொண்டு போய்விட்டாள், கொலு ஸ்டாண்டுக்கு ஆகுமாம்.

கம்புக்கு மேலும் கீழும் முளை, ஆகத் துளை 56. மேல்சட்டத்தையும் கீழ்சட்டத்தையும் சேர்த்துப் பிடித்து ஒரே கோட்டில் குறி போட்டால்தான் கம்பு நிமிர்ந்து நிற்கும். தனித்தனியாக அளந்து போட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் சாயும். பெவிக்காலைத் துளைக்குள் ஊற்றி முளையை அடித்தால், காற்றும் பசையும் போக இடமில்லாமல் சட்டம் விண்டுவிடும். முளையின் பக்கத்தில் ரம்பத்தால் ஒரு கீறல் கீறிவிட்டால் போதும், மிச்சப் பசை அதன் வழியாக மேலே வந்துவிடும். ஆசாரி இதைச் சொல்லவில்லை. முதல் சட்டம் படீர் என்ற பிறகு, "கீறலையா?" என்று மட்டும் கேட்டார். நம்ம ஊர் ஆசாரிகள் பாடம் நடத்தும் முறை இதுதான்.

அடுத்து ஊஞ்சல் பாகம். தம்பிக்கு வொர்க்‌ஷாப்பில் வேலை என்பதால் சங்கிலி, கொக்கி எல்லாம் கௌரவக் குறைச்சல். பேரிங் போட்டே ஆக வேண்டும் என்று சீலிங் ஃபேனில் வரும் 6202 இரண்டை எடுத்து வந்தான். அதன் உள்துளை 15 மில்லி. அவன் மாட்டியது அரை இஞ்ச் போல்ட், 12.7 மில்லி. மிச்ச இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றினான். பைக் ரிப்பேர் செய்கிறவன் டேப் சுற்றலாமா என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இந்த அச்சு எந்த உயரத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தொட்டிலும் பிள்ளையும் சேர்ந்த பாரத்தின் மையத்துக்கு நன்றாக மேலே அச்சு இருக்க வேண்டும். மையத்தை ஒட்டி இருந்தால் பிள்ளை ஒரு பக்கம் ஒருக்களித்தவுடன் தொட்டிலும் அதே பக்கம் சாய்ந்து, திரும்பி வராமல் நின்றுகொள்ளும். மெத்தைக்கு மேலே ஓரடி கொடுத்தார்கள், தாராளம். தலைமாட்டுச் சட்டத்தையும் கால்மாட்டுச் சட்டத்தையும் சேர்த்துக் கட்டி ஒரே குத்தாகத் துளை போட்டதால் சரிவும் வரவில்லை. எவ்வளவு ஆட்டினாலும் ஓர் அளவுக்கு மேல் போகாதபடி தூணில் ஒரு தடுப்புக்கட்டை வைத்தார்கள். ஆட்ட ஆளில்லாதபோது அசையாமல் நிறுத்த ஒரு பின்னும் உண்டு.

பூச்சில் ஆளுக்கொரு கட்சி. சித்தப்பாவுக்கு வார்னிஷ் பளபளப்பு வேண்டும். ஆச்சிக்குத் தேங்காய் எண்ணெய். தேங்காய் எண்ணெய் மரத்தில் காயவே காயாது, பிசுபிசுத்துச் சிக்கு நாற்றம் அடிக்கும், எறும்புக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாதிரி. ஆசாரி அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லிசாக நாலு கை கொடுத்தார். பிள்ளை வாய் வைத்தாலும் பயமில்லை. ஆனால் அரக்குக்கு ஒரு எதிரி உண்டு, அமோனியா. தேங்கி நாறிய மூத்திரம் பட்டால் அந்த இடம் வெளுத்து, இளகிப் போகும். அதனால் அடிப்பலகைகளை மட்டும் தனித்தனியாகக் கழற்றுகிற மாதிரி விட்டு, ஆளி விதை எண்ணெயும் தேன்மெழுகும் தேய்த்தார்கள். தேய்த்த துணியைச் சுருட்டி மூலையில் போடக் கூடாது, அதுவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போட்டார்கள். சித்தி அதைக் கரித்துணி என்று எடுத்து அடுப்பு துடைத்தது தனிக்கதை.

இதற்குள் அத்தை நாலு இஞ்ச் இலவம்பஞ்சு மெத்தை தைத்துக் கொண்டுவந்துவிட்டாள். கைவைத்தால் மணிக்கட்டு வரை உள்ளே போகிறது. பிள்ளை குப்புற விழுந்தால் மூக்கு புதைந்துவிடும். தவிர, மெத்தை நாலு இஞ்ச் ஏறினால் பக்கவாட்டு உயரம் நாலு இஞ்ச் குறைகிறது. ஒன்றரை இஞ்சுக்கு மேல் வேண்டாம், அழுத்தினால் அமுங்காத கனமாக இருக்க வேண்டும், சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையக் கூடாது, தலையணையே வேண்டாம் என்று தம்பி சொல்லிக்கொண்டே போக, "நாங்கள்லாம் பிள்ளையே பெக்கலையாக்கும்" என்று அத்தை எழுந்து போய்விட்டாள். மறுநாள் சமாதானமாகி, மெத்தையைப் பிரித்துப் பாதிப் பஞ்சை எடுத்துவிட்டு, மிச்சத்தை இறுகத் திணித்துத் தைத்தாள். எடுத்த பஞ்சில் தனக்கு ஒரு தலையணை.

ஆக எல்லாம் முடிந்து, ஆட்டிப் பார்க்கும் கட்டத்தில்தான் ஆச்சி கரண்டியோடு வந்தது. ஆட்டாமல் எப்படிப் பிள்ளையைப் போடுவது? ஆச்சியிடம் அதற்கும் விதி இருந்தது. முதலில் அம்மிக் குழவியைத் துணி சுற்றித் தொட்டிலில் போட்டு ஆட்ட வேண்டும். குழவியைக் கண்டதும் ஆசாரி நடுங்கிப்போனார், உருண்டு மோதினால் ஒரு கம்பு மிஞ்சாது. பேச்சுவார்த்தையில் 25 கிலோ அரிசிச் சிப்பம் என்று முடிவானது. ஆச்சி சிப்பத்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தன் பழைய சுங்குடிச் சேலையைச் சுற்றி, சாம்பிராணி காட்டித்தான் தொட்டிலில் கிடத்த விட்டாள். எதிர்வீட்டு மைனி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "வந்துட்டாவளா? பிள்ள யாரு சாடை?" என்றாள். "பொன்னி" என்றான் தம்பி.

வெறும் தொட்டிலை ஆட்டியிருந்தால் ஒன்றுமே தெரிந்திருக்காது. 25 கிலோ ஏறியதும் எல்லாம் வெளியே வந்தது. டேப் நசுங்கி, போல்ட் டொக்கு டொக்கு என்று பேரிங்குக்குள் இடித்தது. டேப்புக்குப் பதில் பித்தளை புஷ், அதாவது இடைவெளியை அடைக்கும் வளையம், கடைந்து போட்ட பிறகுதான் நின்றது. ஆட்ட ஆட்டத் தொட்டில் நடந்து சுவரோரம் போனது. அடிக்கட்டையின் நடுப்பாகம் தரையில் தட்டியதுதான் காரணம். நடுவில் ஒரு நூல் இழைத்து எடுத்ததும் நாலு முனையிலும் சப்பென்று உட்கார்ந்தது.

மூன்றாவதுதான் பெரிசு. வாசலில் நுழைவதற்காகக் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்தது. குறுக்குச் சட்டத்தின் கழுந்து, அதாவது முனையில் செதுக்கிய நாக்கு, தூணைத் துளைத்து மறுபக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒரு துளை, துளையில் ஆப்பு. இந்தத் துளையின் உள்விளிம்பு தூணின் முகத்தைவிட ஒரு நூலாவது உள்ளே தள்ளி இருக்க வேண்டும். அப்போதுதான் ஆப்பு தூணை நெருக்கும். தம்பி சரியாகத் தூண் முகத்தோடு நிறுத்தியிருந்தான். எவ்வளவு அடித்தாலும் ஆப்பு கழுந்தில் மட்டும் இறுகியது, தூண் ஆடிக்கொண்டே இருந்தது. உளியை எடுத்து உள்பக்கம் ஒரு நூல் சீவினார்கள். ரெண்டே தட்டு, பாறை.

இவ்வளவும் நடக்கும்போது ஆச்சி நகரவே இல்லை. ஒவ்வொரு பழுதுக்கும் சிப்பத்தை இறக்கி, மறுபடி ஏற்றி, அவள்தான் ஆட்டினாள். முதலில் பரிசோதனைக்கு ஆட்டினாள். சாயங்காலம் டீ குடிக்க எல்லாரும் வெளியே வந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தாள். மெதுவாக ஏதோ பாட்டு வேறு.

பதினாறாம் நாள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டாயிற்று, அதெல்லாம் நன்றாக நடந்தது. இப்போதைய பிரச்சினை சிப்பம். அன்றைக்குப் பந்திக்கு அதைப் பிரிக்கப் போன சித்தியை ஆச்சி தடுத்துவிட்டாள்.

"தொட்டில்ல போட்டுத் தாலாட்டுனத எப்படிட்டீ உலையில போடுவ?"

புது மூட்டை வாங்கித்தான் பந்தி நடந்தது. சித்தப்பா அதற்கும் பில் வைத்திருக்கிறார், தொட்டில் செலவுக் கணக்கில் தேக்குக்கு அடுத்த வரி. பழைய சிப்பம் சுங்குடிச் சேலையோடு மாடித் தட்டட்டியில் கிடக்கிறது, வண்டு விழ ஆரம்பித்துவிட்டது. வேப்பிலை போடலாமா என்று சித்தி கேட்டிருக்கிறாள். ஆச்சி யோசித்துச் சொல்கிறாளாம்.