பிடிஎஸ்டி சிகிச்சையோடு சேர்த்தே சிகரெட்டை விட்டேன்

பட்டாளத்திலிருந்து வந்து பிடிஎஸ்டி-க்கு, அதாவது பயங்கரமான அனுபவங்களுக்குப் பிறகு விடாமல் தொடரும் மனநலப் பாதிப்புக்கு, சிகிச்சைக்குப் போனபோது, "முதலில் மனசு சரியாகட்டும், சிகரெட்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது, ஏனென்றால் கெட்ட கனவில் அலறி எழுந்து, கதவுத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு, ஒன்று பற்றவைத்தால்தான் நெஞ்சு படபடப்பு அடங்கும்.

அடுத்து வந்த ஆலோசகர் இரண்டையும் சேர்த்தே எடுத்தார். கையில் ஒரு சின்ன நோட்டு. ஒவ்வொரு சிகரெட்டுக்கும் முன்னால் நேரம், இடம், மனசில் என்ன ஓடுகிறது, ஆசை பத்துக்கு எத்தனை என்று எழுதிவிட்டுத்தான் பற்றவைக்க வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் சிகிச்சையில் எனக்கு மிகவும் உதவியது அதுதான். சில சிகரெட்டுகளுக்கு முன்னால் சத்தமோ கூட்டமோ, பின்னால் யாரோ நிற்கிற உணர்வோ இருந்தது. மற்றவற்றுக்கு அப்படி எதுவுமே இல்லை, முந்தைய சிகரெட் முடிந்து நேரமாகியிருந்தது, அவ்வளவுதான். ரத்தத்தில் நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும், அப்போது வரும் எரிச்சலும் பதற்றமும் பிடிஎஸ்டி மாதிரியே இருக்கும். சிகரெட் கிளப்பிய பதற்றத்தைத்தான் சிகரெட்டே அடக்கிக்கொண்டிருந்தது! வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன், என் கையெழுத்திலேயே இருந்தது.

அப்புறம் பயிற்சி. ஆசை உச்சத்துக்குப் போய்ச் சில நிமிடங்களில் தானாக இறங்கும், அதுவரை பாதத்தைத் தரையில் அழுத்தி, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கண்ணில் படும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்வது. பிறகு கூட்டமான இடத்தில் சிகரெட் இல்லாமல் நின்று பழகுவது. முதல் வாரம் ரொம்பக் கடினம், வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். சிகரெட் ஆசையைக் குறைக்கத் தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் போட்டதும் கனவுகள் இன்னும் பயங்கரமாயின, டாக்டரிடம் சொன்னேன், இரவில் கழற்றிவிடச் சொன்னார், குறைந்தது.

விட்டால் பிடிஎஸ்டி மோசமாகும் என்று பயப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: அமெரிக்காவில் 943 முன்னாள் படைவீரர்களை வைத்துச் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. மனநலச் சிகிச்சையோடு சேர்த்தே சிகரெட்டை விட உதவி பெற்றவர்களில் 8.9 சதவீதம் பேர் ஓராண்டு தாண்டியும் புகைக்காமல் இருந்தார்கள், சிகரெட்டை விட உதவும் தனிப் பிரிவுக்கு அனுப்பப்பட்டவர்களில் 4.5 சதவீதம்தான். விட்டவர்களுக்கு பிடிஎஸ்டி கூடவும் இல்லை. எண்ணிக்கை சின்னதுதான், ஆனால் இரண்டு மடங்கு. அதனால் உங்கள் ஆலோசகர் அப்புறம் பார்க்கலாம் என்றால், இப்போதே சேர்த்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள்.