ஈர விரல்

டிசம்பர் 2, 2025, செவ்வாய்

விடாத மழை. வேளச்சேரியில் வண்டியைத் தள்ளிக்கொண்டே போய் ஒரு பிரியாணி பார்சலை டெலிவரி கொடுத்தேன். அந்த வீட்டு அம்மா துண்டு கொடுத்து, "டீ குடிக்கிறீங்களாப்பா?" என்று கேட்டார். நல்ல மனசு.

அடுத்த ஆர்டர் அடித்தபோது போன் பாலிதீன் கவருக்குள் இருந்தது. ஈர விரலால் தேய்க்கத் தேய்க்க ஸ்கிரீன் நகரவில்லை. ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டது. இப்படியே மூன்று முறை. ராத்திரி பார்த்தால் நான் ஆர்டரை மறுத்ததாகக் கணக்கு. இன்சென்டிவ் 250 ரூபாய் போச்சு. மழை பெய்ததை யாரிடம் போய்ச் சொல்வது? உதவி என்று அழுத்தினால் மெஷின்தான் பதில் போடுகிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

நேற்று 12 மணி நேரம், 23 ஆர்டர், 780 ரூபாய். பெட்ரோலுக்கு 280 போக மிச்சம் 500. வண்டித் தவணையும் டயரும் இதில்தான்.

25 ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ். 23-க்கு அப்புறம் ஒன்றரை மணி நேரம் போன் அடிக்கவேயில்லை. வேண்டுமென்றே நிறுத்துகிறார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் ஆர்டர் எந்தக் கணக்கில் வருகிறது என்று எனக்குக் காட்டவும் யாரும் தயாரில்லை. கோபமே அதனால்தான்.

டிசம்பர் 14, ஞாயிறு

சங்கக் கூட்டம். நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளைத் தோழர் ஒருவர் விளக்கினார். சமூகப் பாதுகாப்புக்கான நிதிக்கு எங்களைப் போன்றவர்களை வைத்து நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் தர வேண்டுமாம். தமிழ்நாட்டில் 2023-லேயே நல வாரியம் அமைத்தார்கள். விபத்து, மரணம், பிள்ளைகள் படிப்பு என்று உதவி உண்டு. நல்லதுதான், நானும் பதிந்திருக்கிறேன். ஆனால் கிலோமீட்டருக்கு என்ன ரேட் என்பதை இவை எதுவும் தொடவில்லை. நாங்கள் தொழிலாளி இல்லை, 'பார்ட்னர்' என்பதால் குறைந்தபட்சக் கூலியும் எங்களுக்குக் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாக ரேட்டைக் குறைக்கும்போது எந்தப் பார்ட்னரைக் கேட்டார்கள்?

வேலைநிறுத்தம் என்றதும் வயதில் மூத்த ஒரு அண்ணன் எழுந்து, "முன்னால நிக்கிறவன் ஐடியைத்தான் முதல்ல தூக்குவான் தம்பி, எனக்கு ரெண்டு பொண்ணு" என்றார். யாரும் அவரை மறுத்துப் பேசவில்லை. ஐடியை முடக்கிவிட்டால் செயலியில் வேலையே கிடையாது. அந்தப் பயம் எனக்கும் உண்டு.

நான் ஒன்றைத்தான் சொன்னேன். மனு கொடுத்திருக்கிறோம், மெயில் போட்டிருக்கிறோம், பதில் வந்ததில்லை. போன வருடம் ஒரு சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் ஏரியாவில் அறுபது பேர் லாகின் செய்யாமல் உட்கார்ந்தோம். எட்டரைக்கெல்லாம் ஒரு மேனேஜர் காரில் வந்து இறங்கினார். மூன்று வருடத்தில் கம்பெனி ஆளை நான் நேரில் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

டிசம்பர் 23, செவ்வாய்

25, 31 இரண்டு நாளும் நாடு முழுக்க வேலைநிறுத்த அழைப்பு. ஆர்டர் குவிகிற நாட்கள், அதனால்தான். கோரிக்கை இவைதான்: பத்து நிமிட டெலிவரியை நிறுத்து, காரணம் சொல்லாமல் ஐடியை முடக்காதே, ரேட்டை ஒழுங்காகக் கொடு. சங்கத்தில் கைதூக்கச் சொன்னார்கள். தூக்கினேன். அந்த அண்ணன் தூக்கவில்லை. வெளியே வந்ததும் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

டிசம்பர் 24, புதன்

மனைவியிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு நாள்தானே, சமாளிக்கலாம்" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "ஐடி போயிடுச்சுன்னா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பத்து மணிக்குச் செயலியில் ஒரு செய்தி: நாளைக்கு லாகின் செய்தால் ஒவ்வொரு ஆர்டருக்கும் கூடுதல் பணம். மூன்று வாரத்துக்கு முன்னால் தண்ணீரில் வண்டி தள்ளியபோது இந்தப் பணம் எங்கே இருந்தது?

காலை ஒன்பது மணிக்கு டீக்கடை முன்னால் கூடுகிறோம். டி-ஷர்ட்டைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன்.