வியாசர்பாடிப் பசங்க பார்க்க வேண்டிய அல் ஹிலால்

சவூதியின் ரியாத்தில் 1957-ல் தொடங்கிய அல் ஹிலால், ஆசிய கிளப் சாம்பியன் பட்டத்தை 4 முறை வென்ற கால்பந்து அணி. 2023-24 சவூதி லீகில் 34 ஆட்டம்; 31 வெற்றி, 3 டிரா, தோல்வியே இல்லை.

ஆனால் வியாசர்பாடியில் பந்து உதைக்கிற பசங்க பார்க்க வேண்டியது, 2025 கிளப் உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் சிட்டியை 4-3 என வீழ்த்திய ஆட்டம். மால்கம் அடித்த கோலை, ஹிலாலின் 2-வது கோலை, நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். சிட்டிக்குக் கார்னர், ஆட்களெல்லாம் மேலே ஏறிவிட்டார்கள். பந்து கைமாறியதும் கான்செலோ நீளமாக ஒரு பாஸ், மால்கம் ஒரே ஓட்டம். பின்னால் போதுமான ஆளை நிறுத்தாமல் கார்னருக்கு ஏறினால் இதுதான் கதி. நம்ம ஏரியா மேட்ச்சிலும் நிறைய கோல் இப்படித்தான் விழுகிறது. சிட்டி ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில், 112-வது நிமிடத்தில், மார்கோஸ் லியோனார்டோ முடித்துவைத்தார். காலிறுதியில் பிரேசில் அணி ஃப்ளுமினென்சேயிடம் 2-1 தோல்வி, அது இன்னும் வலிக்கிறது.

ரியாத்தில் இரவு 9 மணி ஆட்டம் என்றால் நமக்கு 11:30.