ரிப்பேரபிள்

இங்கிலீஷ்ல ரிப்பேரபிள்னா சரி பண்ணக்கூடியது, அவ்வளவுதானேன்னு தாண்டிப் போயிடாதீங்க. வேர் லத்தீன்ல ரெபராரே. ரெ-ன்னா மறுபடி, பராரேன்னா தயார் பண்றது. புதுசு மாதிரி பளபளப்பாக்கணும்னு எங்கயும் இல்ல, மறுபடி வேலைக்கு ரெடியானா போதும், எனக்கு இந்த அர்த்தம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ப்ரிப்பேரும் அதே பராரேல இருந்து வந்ததுதான். பழைய பிரெஞ்சு வழியா இங்கிலீஷுக்குப் போய் வால்ல ஏபிள் ஒட்டிக்கிச்சு.

இதுக்குக் கூடப்பிறந்தது ரெப்பரபிள், அழுத்தம் முதல் எழுத்துல. அது பெரும்பாலும் நஷ்டம், பாதிப்பு மாதிரி கைல தொட முடியாததுக்கு, ஈடுகட்டவே முடியாத இழப்பை இர்ரெப்பரபிள்னு சொல்றாங்களே அந்தக் குடும்பம். குடை, குக்கர், கீசர்னா ரிப்பேரபிள்.

குடைன்னதும் ஒண்ணு, பாரசோல்ங்கற வார்த்தைலயும் அதே பராரேதான் இருக்கு, இத்தாலியன்ல போய் தடுக்கறதுன்னு அர்த்தம் மாறிடுச்சு, வெயிலைத் தடுக்கறது. குன்னூர்ல ஐப்பசி கார்த்திகை மழையோட காத்தும் சேர்ந்துட்டா குடை அப்படியே மேல மடங்கிக்கும். குடை ரிப்பேர் பண்றவர் ஒடிஞ்ச கம்பியை மட்டும் கழட்டி, பழைய குடைல இருந்து எடுத்த கம்பியை அளவு பாத்து மாட்டி, துணி ஓரத்தை நுனியோட சேர்த்து நூலால தைச்சு, ரெண்டு தடவை விரிச்சு மடக்கிக் காட்டிட்டுத்தான் கைல கொடுப்பார்.

ஆனா இந்த வார்த்தைக்கு எங்க ஊர்ல பெரிய சாட்சி மலை ரயில் இன்ஜின்தான். எக்ஸ் கிளாஸ், சுவிட்சர்லாந்து வின்டர்தூர்ல செஞ்சது, 1914ல இருந்து 1952 வரைக்கும் கட்டின வகை. கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் ரொம்பச் செங்குத்தான இடத்துல ஏறக்குறைய 12 அடி போனா 1 அடி ஏத்தம், நடுவுல இருக்கற பல்லுத் தண்டவாளத்தைப் பிடிச்சுத்தான் ஏறணும், தேய்மானம் இல்லாம எப்படி இருக்கும்? அதையெல்லாம் சரி பண்ணி ஓட்டினது மட்டுமில்ல, திருச்சி பொன்மலை ஒர்க்ஷாப்ல அதே வகைல புது இன்ஜினே செஞ்சுட்டாங்க. பிரிக்க முடியணும், தேஞ்ச பார்ட்டைத் தனியா செஞ்சு மாட்ட முடியணும், ரிப்பேரபிள்னா இதான்.

இப்போ வர்ற போன்ல பேட்டரியையே பசை போட்டு ஒட்டிடறாங்க. எங்க வீட்டு கீசருக்கு ஒரு சின்ன பார்ட் கிடைக்காதுன்னு சர்வீஸ்ல கைவிரிச்சப்போ எனக்கு வந்த கோவம் இன்னும் போகல. பிரான்ஸ்ல 2021ல போன், லேப்டாப் மாதிரி சாமானுக்கெல்லாம் எவ்வளவு சுலபமா ரிப்பேர் பண்ணலாம்னு 10க்கு மார்க் போட்டு கடைலயே காட்டணும்னு சட்டம் கொண்டுவந்தாங்க. நம்ம மத்திய அரசும் 2022 டிசம்பர்ல ரைட் டு ரிப்பேர்னு ஒரு போர்ட்டல் ஆரம்பிச்சாங்க, நல்ல விஷயம், ஆனா அந்த மார்க் இங்கயும் பெட்டி மேலயே வரணும். மலைல இருக்கறவங்க ஒவ்வொண்ணுக்கும் கோயம்புத்தூர் வரைக்கும் தூக்கிட்டு இறங்க முடியுமா? அதுவரைக்கும் விலை கேக்கறதுக்கு முன்னாடி, ஸ்பேர் எங்க கிடைக்கும், குன்னூர்லயே பிரிச்சுப் பாக்க ஆள் இருக்காங்களான்னு கடைல கேட்டுட்டு வாங்குங்க.