ரிட்டோனவிரும் எதிர்பாராத படிகமும்

ஒரு புதிய மருந்து மூலக்கூறு வெள்ளைத் தூளாக நம் மேசைக்கு வரும்போது, அது எந்த நோய்க்கு உதவக்கூடும் என்பது ஓரளவு தெரிந்திருக்கும்; தூளின் இயல்பைப் பற்றித் தெரிந்தது மிகக் குறைவு. நீரில் எவ்வளவு கரையும், இரைப்பையின் அமிலத்திலும் குடலிலும் அந்தக் கரைதிறன் எப்படி மாறும், காற்றின் ஈரத்தை உறிஞ்சுமா, ஒளிபட்டால் சிதையுமா, அமீன் என்னும் நைட்ரஜன் தொகுதி கொண்ட மூலக்கூறாக இருந்தால், மாத்திரையில் நிரப்பியாகச் சேர்க்கும் லாக்டோஸ் சர்க்கரையுடன் வினைபுரிந்து பழுப்பேறுமா என்பவற்றையெல்லாம் மாத்திரையை வடிவமைக்கும் முன்பே கண்டறியும் பணிதான் பிரீஃபார்முலேஷன். கால அட்டவணை நெருக்கும்போது இந்தப் பணியில் முதலில் சுருக்கப்படுவது படிக வடிவங்களை, அதாவது ஒரே மூலக்கூறு திடநிலையில் வெவ்வேறு விதமாக அடுக்கப்படும் வகைகளை, தேடும் பகுதி என்பது என்னை நெடுநாளாக உறுத்திவருகிறது. அந்தத் தேடலை ஏன் விட்டுவிடக்கூடாது என்பதற்கு ரிட்டோனவிரைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

எச்ஐவி நோயாளிகளுக்காக அபாட் நிறுவனம் உருவாக்கிய ரிட்டோனவிர், 1996 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி பெற்று நார்விர் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. திடநிலையில் விழுங்கினால் உடலில் போதுமான அளவு சேராத மருந்து என்பதால், எத்தனாலும் நீரும் கலந்த ஊடகத்தில் கரைத்து, அந்தக் கரைசலைக் கேப்சூலில் அடைத்தார்கள். அன்று அறியப்பட்டிருந்தது ஒரே ஒரு படிக வடிவம். மருந்தோ கேப்சூலுக்குள் கரைந்த நிலையில் இருக்கிறது. ஆகவே படிக வடிவத்தைத் தனியே கட்டுப்படுத்த வேண்டிய தேவை எவருக்கும் தோன்றவில்லை. அந்த முடிவை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனெனில் கையிலிருந்த தரவுகளுக்கு அது முற்றிலும் பொருந்தியே இருந்தது.

இரண்டு ஆண்டுகள் சிக்கலின்றிக் கழிந்தன. 1998இல் சில கேப்சூல் தொகுதிகள், மருந்து போதிய அளவு கரைந்து வெளிவருகிறதா என்று பார்க்கும் கரைதல் சோதனையில் தோற்றன. உள்ளே பார்த்தால், கரைந்திருக்க வேண்டிய மருந்து படிகமாக வீழ்படிந்திருந்தது. எக்ஸ்-கதிர் ஆய்வு அதை அதுவரை யாரும் கண்டிராத இரண்டாம் வடிவம் என்று காட்டியது. மூலக்கூறு ஒன்றேதான், ஆனால் அதில் கார்பமேட் எனப்படும் அணுத்தொகுதி வேறு விதமாகத் திருகி, அண்டை மூலக்கூறுகளோடு வலுவான ஹைட்ரஜன் பிணைப்புகளை அமைத்துக்கொண்டிருந்தது. அதனால் இந்த வடிவம் கூடுதல் நிலைத்தன்மையும் மிகக் குறைந்த கரைதிறனும் பெற்றிருந்தது. பழைய வடிவத்தைக் கணக்கில் கொண்டால் கேப்சூலுக்குள் இருந்த கரைசல் நிறைவுநிலையைக்கூட எட்டவில்லை. புதிய வடிவத்தைக் கணக்கில் கொண்டால் அதே கரைசல் பெரும் மிகைநிறைவில், அதாவது கரையக்கூடிய அளவைவிட மிக அதிகமான மருந்தைத் தாங்கிய நிலையில், இருந்தது. சேர்மானத்தில் எதுவும் மாறாமலே, பாதுகாப்பாக இருந்த ஒரு கரைசல் தாங்க முடியாததாக மாறிவிட்டது.

இரண்டாம் வடிவத்துக்குத் தேவையான திருகல் கரைசலில் எளிதில் நிகழாது. முதல் படிகக்கரு உருவாவது மிக அரிது என்பதால்தான் அது அத்தனை காலம் தலைகாட்டவில்லை. ஆனால் ஒருமுறை தோன்றிவிட்டால் அதன் நுண்துகளே அடுத்தடுத்த படிகங்களுக்கு விதையாகிவிடும். இந்த வடிவத்தோடு புழங்கியிருந்த குழுவினர் இத்தாலியில் இருந்த மூலமருந்து ஆலைக்குச் சென்றுவந்த பிறகு, அங்கும் அது தென்படத் தொடங்கியது. ரிட்டோனவிரின் ஒரு சிதைவுப்பொருள் முதல் கரு உருவாகத் துணைபுரிந்திருக்கலாம் என்று பின்னர் அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

கேப்சூல் விநியோகம் நின்றது. உயிர்காக்கும் மருந்தைத் தவறாமல் உட்கொள்ள வேண்டியவர்கள் அருவருப்பான சுவையுள்ள திரவ மருந்துக்கு மாற நேர்ந்தது. 1999இல் மென்கேப்சூல் வந்தது, ஆனால் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக் காக்க வேண்டியிருந்தது. மருந்தைப் பாலிமருடன் சேர்த்து உருக்கிப் பிழிந்து, படிகமற்ற நிலையில் நிறுத்திய மாத்திரை 2010இல்தான் அனுமதி பெற்றது. அதற்குக் குளிர்பதனம் தேவையில்லை. வெப்பம் மிகுந்த, மின்சாரம் நிச்சயமில்லாத ஊர்களில் வாழும் நோயாளிகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்து கரைசலாக இருந்தாலும் அதன் திடநிலையைத் தேடித்தான் ஆக வேண்டும் என்பது என் உறுதியான நிலைப்பாடு. வெவ்வேறு கரைப்பான்களில் படிகமாக்குவது, உருக்கிக் குளிர்விப்பது, ஈரத்திலும் வெப்பத்திலும் குழம்பாகக் கலக்கி வாரக்கணக்கில் விடுவது, தெரிந்த சிதைவுப்பொருட்களை வேண்டுமென்றே சேர்த்துப் பார்ப்பது ஆகிய அனைத்தையும் செய்த பிறகே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதும் வடிவங்கள் முழுவதும் அகப்பட்டுவிட்டன என்று யாரும் கையெழுத்திட முடியாது. அத்தனை பேர் அத்தனை ஆண்டுகள் துருவிய இதே ரிட்டோனவிருக்கு, உருகிய நிலையிலிருந்து படிகமாகும் மூன்றாம் வடிவம் ஒன்று 2022இல் அறிவிக்கப்பட்டது.