கொம்பை எடுத்துக் கால் போட்ட நாட்கள்

கையெழுத்துப் பிரதியை வாங்கி, தட்டச்சு செய்து, புரூஃப் எடுத்து, திருத்தம் போட்டு, பக்கம் கட்டி அச்சகத்துக்கு அனுப்புகிற வேலையில் எனக்கு 26 வருடம் ஓடிவிட்டது. டி.டி.பி. ஆபரேட்டர். விண்ணப்பம், ஆண்டறிக்கை, ஆய்வேடு என்று எத்தனையோ வரும், போகும். தட்டி முடித்த கையோடு மறந்துவிடும். மறக்காமல் தங்கியவை கதைகள்தான்.

அவற்றை எழுதியவர்களில் பெயர் தெரிந்த எழுத்தாளர்கள் மிகக் குறைவு. வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர்கள், வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு எழுதும் பெண்கள், தேர்வுக்குப் படிக்க வேண்டிய நேரத்தில் நாவல் எழுதும் மாணவர்கள். பாதிப் பேர் புத்தகம் போடுவதே இல்லை. டைப் செய்த தாள்களை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். போடுகிறவர்களும் சொந்தக் காசில் 300 பிரதி அடித்து, வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பரண்மேல் ஏற்றிவிடுவார்கள். "இதுல இவங்களுக்கு என்ன சார் கிடைக்குது?" என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் முதலாளியைக் கேட்டேன். பணம் இல்லை என்பதைத் தவிர அவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

பெயருக்காக எழுதுகிறவர்களும் உண்டு. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946-ல் எழுதிய கட்டுரையில், எழுதத் தூண்டும் நான்கு காரணங்களைச் சொல்லும்போது தன்முனைப்பைத்தான் முதலில் வைக்கிறார்: கெட்டிக்காரனாகத் தெரிய வேண்டும், நாலு பேர் பேச வேண்டும், செத்த பிறகும் நினைக்க வேண்டும். அட்டையில் தன் பெயரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, அதன்மேல் விரலை வைத்துத் தடவிப் பார்க்காதவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஆனால் அட்டை கடைசியில்தான் வருகிறது. என் மேஜைக்கு அதற்கு முந்தைய தாள்கள் வருகின்றன. அவற்றில் வேறு என்னவோ நடந்திருக்கும்.

கையெழுத்தைப் பார்த்தே அது ஓரளவு தெரியும். மனசுக்குக் கஷ்டமான இடம் வந்தால் பேனா அழுத்தமாக விழும். தாளைத் திருப்பிப் பின்பக்கம் விரலை ஓட்டினால் எழுத்து கையில் தட்டுப்படும். இன்னும் கஷ்டமான இடம் என்றால் எழுத்தே இருக்காது, புள்ளி வைத்திருப்பார்கள். மூன்று புள்ளி வழக்கம். சிலர் எட்டு, பத்து என்று ஒரு வரி முழுக்க வைப்பார்கள். புள்ளி அதிகமானால் மூன்றாகக் குறைத்துப் போடுவது எங்கள் தொழில் வழக்கம். ஒரு பெரியவர் வந்து போன பிறகு, கேட்காமல் குறைப்பதை நான் விட்டுவிட்டேன்.

அவர் கொண்டுவந்தது மூன்று நீள நோட்டு. அண்ணன் தம்பி இருவர், ஒரு வீடு, ஒரு பாகப்பிரிவினைச் சண்டை. அண்ணன்தான் கதையைச் சொல்கிறார். கதை என்று மேலே எழுதியிருந்தாலும், தம்பி செய்த துரோகங்களை வரிசையாக எழுதிய வழக்குப் போலத்தான் இருந்தது. டைப் செய்து முதல் புரூஃப் கொடுத்தேன். பத்து நாள் கழித்து வந்தார்.

"அம்மா, ஒரு சின்ன வேலை. இதுல 'நான்'னு வர்ற இடத்துல எல்லாம் ஒரு பேரைப் போட்டுக் குடுத்துருங்க. படிச்சா கதை மாதிரி இல்ல, நானே புலம்புற மாதிரி இருக்கு."

"அது சின்ன வேலை இல்லீங்கய்யா" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். 'நான்' என்ற சொல்லைக் கண்டுபிடித்து மாற்றச் சொல்லிக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் அதை மட்டும் மாற்றும். என், என்னை, எனக்கு, என்னிடம், என்னால் எல்லாம் அப்படியே நிற்கும். அவற்றைக்கூடத் தனித்தனியாகத் தேடிப் பிடித்துவிடலாம். தமிழில் 'நான்' வினைச்சொல்லின் வாலிலும் உட்கார்ந்திருக்கிறதே! வந்தேன், பார்த்தேன், சும்மா இருந்தேன். ஒவ்வொரு வாக்கியமாகப் போய், 'வந்தேன்' என்பதில் கொம்பை எடுத்துவிட்டுக் கால் போட வேண்டும். அப்போதுதான் 'வந்தான்' ஆகும். ஒரு பக்கத்தில் முப்பது இடமாவது வரும். சில வாக்கியங்கள் அதோடும் நிற்காது, மொத்தமாகவே மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

"அப்ப நான் பக்கத்துல உக்காந்துக்கறேன், சேர்ந்தே பண்ணிருவோம்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நான்கு நாள் ஆயிற்று.

முதல் சிக்கல், அவனா அவரா என்பது. "என்னையே நான் 'அவர்'னு எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்று யோசித்து, 'அவன்' போதும் என்றார். தம்பியும் 'அவன்'. இரண்டு 'அவன்' வந்ததும் யார் யாரை அடித்தது, யார் அழுதது என்று குழம்பியது. தம்பிக்கும் பெயர் வைக்க வேண்டியதாயிற்று. அதுவரைக்கும் நோட்டு முழுக்கத் தம்பிக்குப் பெயரே கிடையாது என்பதை அப்போதுதான் இரண்டு பேரும் கவனித்தோம். பெயர் வைத்ததும் அவன் பேச ஆரம்பித்தான். 'திட்டினான்' என்று மட்டும் இருந்த இடத்தில், என்ன சொல்லித் திட்டினான் என்று பெரியவர் ஞாபகப்படுத்திச் சொன்னார், நான் தட்டினேன்.

மூன்றாம் நாள் அந்தப் பக்கம் வந்தது. சண்டை முற்றிய ராத்திரி. நோட்டில் இப்படி இருந்தது: 'வேறு வழியில்லாமல் நான் கதவைச் சாத்தினேன்.' அதன் கீழே எட்டுப் புள்ளிகள். முதல் புரூஃபில் நான் அவற்றை மூன்றாக்கியிருந்தேன்.

'வேறு வழியில்லாமல் அவன் கதவைச் சாத்தினான்' என்று மாற்றி வாய்விட்டுப் படித்தேன். பெரியவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொரு தடவை படிங்கம்மா."

படித்தேன்.

"வழி இருந்துச்சும்மா" என்றார். "அந்த 'வேறு வழியில்லாமல்' எடுத்துருங்க."

எடுத்தேன். 'அவன் கதவைச் சாத்தினான்' என்று வாக்கியம் மொட்டையாக நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, அந்தப் புள்ளிகளை அழித்துவிட்டு ஒரு வரி போடச் சொன்னார். வெளியே நின்றவன், கதவுக்குக் கீழே தெரிந்த வெளிச்சம் அணைவதைப் பார்த்தான். "விளக்க அணைச்சது நான்தாம்மா. தூங்கலாம்னு அணைச்சேன். வெளிய நிக்கிறவனுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு இத்தனை வருஷத்துல ஒரு நாள்கூட நெனச்சதில்ல."

அன்றைக்கு அதற்கு மேல் வேலை ஓடவில்லை. மறுநாள் வந்து மிச்சத்தை முடித்தார். அந்தக் கதையைத் தம்பி படித்தாரா, இருவரும் மறுபடி பேசினார்களா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அத்தனை வருடமாக ஒரு பக்கத்திலிருந்து மட்டுமே பார்த்த கதவை அவர் என் மேஜையில் உட்கார்ந்து மறுபக்கத்திலிருந்து பார்த்தார் என்பதுதான். யாரும் புத்தி சொல்லி அது நடக்கவில்லை. கொம்பை எடுத்துக் கால் போட்டதில் நடந்தது.

சில வருடம் கழித்து ஒரு பேராசிரியரின் உளவியல் கட்டுரைகளைப் பக்கம் கட்டும் வேலை வந்தது. அதில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுகள் பற்றி ஒரு கட்டுரை இருந்தது. தட்டுவதை நிறுத்திவிட்டுப் படித்தேன். கல்லூரி மாணவர்களை நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதச் சொல்லியிருக்கிறார். சிலர் சாதாரண விஷயங்களைப் பற்றி, சிலர் தங்கள் வாழ்க்கையில் மனதை உலுக்கிய ஒன்றைப் பற்றி. 1986-ல் வெளியான முடிவு இது: நடந்ததையும் அப்போது மனதில் இருந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் உடம்பு சரியில்லை என்று மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனசு லேசாகவில்லை, இன்னும் பாரமாகத்தான் இருந்தது என்பதையும் அந்தக் கட்டுரை மறைக்கவில்லை. என் மேஜையில் நான் பார்த்ததும் அதுதான். எழுதினால் பாரம் இறங்கிவிடும் என்று சுலபமாகச் சொல்கிறார்கள். இறங்குவதற்கு முன்னால் அது முதலில் தோளில் ஏறுகிறது.

பென்னிபேக்கரும் இன்னொருவரும் சேர்ந்து 2003-ல் செய்த ஆய்வு ஒன்றும் அதில் இருந்தது. அப்படி எழுதிய தாள்களை எடுத்துச் சொல் சொல்லாக அலசியிருக்கிறார்கள். யாருக்கு அதிகப் பலன் கிடைத்தது என்று பார்த்தால், நாளுக்கு நாள் ஒரே மாதிரி எழுதியவர்களுக்கு அல்ல. 'நான்', 'அவன்', 'அவள்', 'நாங்கள்' போன்ற சொற்களைப் பயன்படுத்தும் விதம் ஒரு நாளுக்கு ஒரு நாள் மாறியவர்களுக்குத்தான் டாக்டரிடம் போகும் தேவை அதிகமாகக் குறைந்திருந்தது. அதைப் படித்ததும் பெரியவரும் அந்த நாற்காலியும் ஞாபகம் வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்றினால் போதும். தமிழில் எழுதுகிறவன் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் இடம் மாறி உட்கார வேண்டும்.

எல்லோரும் இதற்காகத்தான் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓர் அம்மா வந்தார். காலமாகிவிட்ட தன் தாயாரைப் பற்றிய சின்னச் சின்னக் கதைகள். நான் வழக்கம்போல 'வந்துருச்சு' என்று இருந்ததை 'வந்துவிட்டது' என்றும், 'பாத்துக்கிடலாம்' என்பதைப் 'பார்த்துக்கொள்ளலாம்' என்றும் சுத்தமாகத் திருத்திக் கொடுத்தேன். பிழை திருத்தினால் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். புரூஃப் திரும்பி வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையால் பழையபடியே மாற்றியிருந்தார். கோபமாகப் பேசவில்லை. "நீங்க எழுதினது சரிதான் மேடம். ஆனா படிச்சா வேற யாரோ பேசறாங்க. எங்கம்மா இப்படிப் பேச மாட்டாங்க" என்றார். வெட்கமாகிவிட்டது எனக்கு. போட்டோவில் முகம் இருக்கும், பேச்சு எதில் இருக்கும்? ஒரே ஒரு இடத்தில்தான் அதை அவர் பிடித்து வைத்திருந்தார். அங்கே போய் நான் பெருக்கித் துடைத்திருக்கிறேன். அன்றிலிருந்து உரையாடலுக்குள் கை வைக்க வேண்டுமானால் எழுதியவரைக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறேன்.

பாதியில் நோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன பெண் ஒருத்தியும் உண்டு. "இப்ப வேண்டாம்க்கா, அப்புறம் பாக்கலாம்" என்றாள். அதுவரை டைப் செய்த பக்கங்களையும் அழிக்கச் சொன்னாள், அவள் கண் முன்னாலேயே அழித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும் என்று யாருக்கும் கட்டாயம் இல்லை. எழுத ஆரம்பித்து நிறுத்துவதும் அவரவர் உரிமை. அவள் மறுபடி வரவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைத் துக்கத்தோடு சேர்க்க முடியாது. நல்ல வாக்கியம் ஒன்று அமைந்துவிட்டதில் வருகிற சந்தோஷம். ஒரு மொழிபெயர்ப்பு நூலைத் தட்டும்போது எழுத்தாளர் காஃப்காவைப் பற்றிப் படித்தேன். 1908 முதல் 1922 வரை பிராக் நகரத்தில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். பகலில் கோப்புகள், இரவில் கதை. 1912 செப்டம்பர் 22-ம் தேதி இரவு பத்து மணிக்கு உட்கார்ந்தவர் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஒரு முழுக் கதையை முடித்துவிட்டு எழுந்தார். மேஜைக்கு அடியிலிருந்து கால்களை வெளியே இழுப்பதே கஷ்டமாகும் அளவுக்கு அவை விறைத்துப் போயிருந்தன என்று நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு மாணவன் தன் நாவலின் கடைசி அத்தியாயத்தோடு வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. "நைட்டு முழுக்கத் தூங்கலக்கா, ஆனா முடிச்சிட்டேன்" என்றான். அந்த நேரத்தில் அவன் முகத்தில் இருந்ததை எந்தப் பரிசும் சன்மானமும் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. அதை இன்னும் ஒருவர்கூடப் படித்திருக்கவில்லை.

நானும் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். என் அக்காவைப் பற்றியது. கடை அடைத்த பிறகு தினம் அரைமணி நேரம், அதே கம்ப்யூட்டரில். 'நான்' என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாரம் எல்லாவற்றையும் 'அவள்' என்று மாற்றினேன். 'வந்தேன்' எல்லாம் 'வந்தாள்' ஆவதற்கு மூன்று ராத்திரி பிடித்தது. அக்காவை நான் கடைசியாகப் பார்த்த நாளில் பேசாமலே இருந்துவிட்டதற்கு ஒரு காரணம் சொல்லியிருந்தேன். 'அவள் பேசவில்லை' என்று ஆனதும் அந்தக் காரணம் போதவில்லை.

நேற்று 17-ம் பக்கத்தைத் திறந்தபோது அங்கே ஒரு வரிசை புள்ளிகள் இருந்தன. நான் வைத்தவைதான், வைத்தது ஞாபகமில்லை. எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அவற்றை அழித்துவிட்டு, மேற்கோள்குறி போட்டு, அக்காவின் முதல் வார்த்தையைத் தட்டினேன். என் பெயர்தான் அது, வீட்டில் அவள் கூப்பிடுகிற மாதிரியே, பாதியாகச் சுருக்கி.